பினாங்கு ராட்டினம்

"பையனைப் பத்தி விசாரிக்கணுமா, பொண்ணைப் பத்திங்களா ஆச்சி?" என்று ஜாஸ்பின் வழக்கம்போலக் கேட்டுவிட்டாள்.

"பொண்ணைப் பத்தி," என்றாள் படியேறி வந்த அம்மாள். "செத்துப் போச்சு."

புதுக்கோட்டை கீழ ராஜ வீதியில் ஒரு செல்போன் கடையின் மாடியில் இருந்தது அந்த அலுவலகம். அமராவதியைத் தேடி வருகிறவர்கள் பெரும்பாலும் நிச்சயதார்த்தத்துக்கு முன்னால் மாப்பிள்ளை குடிப்பானா, பெண்ணுக்கு ஏதும் பழைய கதை உண்டா என்று கேட்டு வருகிறவர்கள்தான். வாகன விபத்துகளைப் பார்வையிட்டு இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்கு எழுதிக் கொடுக்கும் வேலையில் பல வருஷம் இருந்துவிட்டு அமராவதி இந்தத் தொழிலுக்கு வந்திருந்தாள். நசுங்கிய கார்களைப் பார்த்துப் பழகிய கண் மனிதர்களையும் அப்படியே பார்த்தது. யார் அழுதாலும் அவள் குரல் ஏறாது, இறங்காது. ஜாஸ்பின் அவளிடம் உதவிக்குச் சேர்ந்தவள். துப்பு என்று எது கிடைத்தாலும் வாய்க்குள் போட்ட மிட்டாயைப் போல அதைக் கடித்துப் பார்க்காமல் அவளால் இருக்க முடியாது.

வந்தவள் பெயர் முத்தாள். கோனாபட்டு. கணவர் இல்லை. ஒரே மகள் கௌசல்யாவைத் திருமயம் சாலையில் இருக்கும் உடையப்பன் பூங்காக் குடும்பத்தில் மூத்த மருமகளாகக் கொடுத்திருந்தாள். மாவட்டத்தில் அந்தப் பூங்காவைத் தெரியாத பிள்ளைகள் இல்லை. போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, பூங்காவுக்கு வார விடுமுறை நாளில், கௌசல்யா அங்குள்ள பெரிய ராட்டினத்தின் அடியில் விழுந்து கிடந்தாள். உச்சிப் பெட்டியில் அவளுடைய செருப்பு ஜோடியாக இருந்தது. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் குதித்திருக்கிறாள் என்று எல்லோரும் சொன்னார்கள். ஸ்டேஷனிலும் அப்படியே எழுதிக்கொண்டார்கள்.

முத்தாள் அழவில்லை. கைப்பையை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு வரிசையாகச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை மகள் பெட்டியோடு வந்து நின்றாள். இனி அந்த வீட்டுக்குப் போகமாட்டேன் என்றாள். அடித்தார்களா என்று கேட்டதற்கு இல்லை என்றாள். சோறு போடவில்லையா என்றதற்கும் இல்லை. பிறகு என்னதான் என்றால், அங்கே எல்லோரும் சிரிக்கிறார்கள் என்றாள். சிரித்ததற்காக யாராவது வாழாவெட்டியாக வந்து உட்காருவார்களா என்று ஏசிவிட்டு, திங்கட்கிழமை முத்தாளே கார் வைத்துக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தாள்.

"துக்க வீட்டுல அத்தனை பேருக்கும் முன்னால மாப்பிள்ளை சொன்னாரு, 'நீங்க ஏசுனதத் தாங்காமத்தான் குதிச்சுட்டா அயித்தை'ன்னு. அதுக்கப்புறம் எங்க பங்காளி வீட்டுலகூட எங்கிட்ட யாரும் மொகம் குடுத்துப் பேசறதில்ல." முத்தாள் நிறுத்தினாள். "எனக்கு ஒண்ணுதான் தெரியணும். எம் மக குதிச்சுச்சா இல்லியா. குதிச்சுதுன்னா நாந்தான் கொன்னேன். அத வச்சுக்கிட்டு மிச்ச காலத்த ஓட்டிக்கிறேன். தெரியாம ஓட்ட முடியல."

ஜாஸ்பினுக்கு இரக்கம் வரவில்லை. வரவில்லையே என்று அவளே தன்னைக் கவனித்தாள். அவளும் ஒருநாள் புருஷன் வீட்டிலிருந்து பெட்டியோடு கிளம்பியவள்தான். ஆவூரில் அவள் அம்மா ஒன்றும் கேட்காமல் கதவைத் திறந்துவிட்டு, "மொதல்ல சாப்புடு," என்றாள். அந்த ஒரு கதவு திறந்ததால்தான் ஜாஸ்பின் இன்று இந்த நாற்காலியில் இருக்கிறாள். எதிரே இருப்பவள் கதவைத் திறந்துவிட்டுத் திரும்பக் கொண்டுபோய் விட்டவள். மகள் குதித்தாள் என்றே இவளுக்குத் தெரியட்டும், தெரிந்து வாழட்டும் என்று ஒரு குரல் அவளுக்குள் சொன்னது. அந்தக் குரல் தன்னுடையது என்பதில் அவளுக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

அமராவதி வேறு மாதிரிக் கேட்டாள். "கடைசியில குளிப்பாட்டுனது யாருங்க?"

"நாந்தான். வேற யாரையும் தொட விடல."

"கையைப் பாத்தீங்களா?"

முத்தாள் தன் உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள். "ரெண்டு உள்ளங்கையும் கருப்பு. வண்டி மை மாதிரி. சீயக்காய் போட்டுத் தேச்சேன், போகல. உள்ளங்காலுலயும் அதேதான். அந்தக் கறையோடதான் அனுப்பி வச்சேன்."

"வேற?"

"வாய்க்கரிசி போடயில பாத்தேன், ஒதட்டுல செவப்பா, துரு மாதிரி. ரத்தம் காஞ்சிருக்கும்னு தொடச்சுவிட்டேன். சேலைய ஆஸ்பத்திரியில பையில போட்டுக் குடுத்தாக. வெளியூர் போறப்ப மட்டும் கட்டுற சேலை. தோளுல பின்னு குத்துன எடம் தெரிஞ்சுச்சு. முந்தானை நுனியிலயும் அந்தத் துருக் கறை."

அவளுடைய செல்போனில் ஒரு வீடியோ இருந்தது. மாலையில் காவலுக்கு வந்து உடலை முதலில் பார்த்த பூங்காக் காவலாளி ராக்கன் எடுத்தது. அது எல்லோர் கைக்கும் போய்விட்டது. முத்தாள் மட்டும் பார்க்கவில்லை. அவள் போன பிறகு ஜாஸ்பின் அதைத் திரும்பத் திரும்ப ஓட்டினாள். முதல் பகுதியில் தரையில் போர்த்திய உடல், பிறகு ராட்டினம். கீழே, மேடையை ஒட்டி நின்ற பெட்டிக்குள் இரண்டு மணல் மூட்டைகள் இருந்தன. மற்றப் பெட்டிகளின் அடியிலிருந்து இன்னமும் மழைத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அதற்கு முந்தின இரவு கோடை மழை பெய்திருந்தது. இரண்டாவது பகுதியில் போலீஸ் வந்துவிட்டது. நான்கு பேர் ராட்டினத்தைக் கையால் தள்ளிச் சுற்றி, உச்சிப் பெட்டியைக் கீழே கொண்டுவந்தார்கள். அதன் தரையில் செருப்புகள் இருந்தன. பக்கத்துப் பெட்டியின் குழிந்த தரையில் தண்ணீர் தேங்கி, வேப்பம்பூ மிதந்தது.

"அக்கா, ஒண்ணு சொல்லவா? மூட்டையோட மேல்பக்கம் காஞ்சு வெள்ளையா இருக்கு. ராத்திரி மழைக்கு அங்கேயே இருந்திருந்தா உள்ள மணலோட ஊறி, சாயங்காலத்துலயும் கருத்திருக்கணும்ல?"

"ஆமா," என்றாள் அமராவதி. "காலையிலதான் யாரோ வச்சிருக்காங்க. ஏன் வச்சாங்கன்னு கேட்டா வாய் ஏதாவது சொல்லும். கை என்ன சொல்லுதுன்னு பாப்போம்."

*

அடுத்த செவ்வாய்க்கிழமை முத்தாளையும் அழைத்துக்கொண்டு போனார்கள். மகள் விழுந்த இடத்தில் ஒரு விளக்கு வைக்க வேண்டும், சொந்தக்காரப் பெண்கள் இருவர் கூட வருகிறார்கள் என்று முத்தாள் முன்பே சொல்லி அனுப்பியிருந்தாள். மருமகன் கார்த்திகேயன் வாசலில் நின்று, "வாங்க அயித்தை," என்று கும்பிட்டான். நாற்பது வயதுக்குள் இருக்கும். வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி. குரலில் அக்கறை நிறைந்திருந்தது.

பூங்கா அவனுடைய தாத்தா உடையப்பன் பினாங்கிலிருந்து திரும்பி வந்து வைத்தது. குடை ராட்டினத்தின் மரக்குதிரைகளுக்கு அந்தக் காலத்துக் கண்ணாடிக் கண்கள் இன்னும் இருந்தன. பொம்மை ரயில், ஆளைக் குட்டையாகவும் நெட்டையாகவும் காட்டும் கோணல் கண்ணாடிக் கூடம், பேய் வீடு. எல்லாவற்றுக்கும் நடுவில் பெரிய ராட்டினம். கப்பலில் துண்டு துண்டாக வந்து இங்கே பூட்டியது என்று கார்த்திகேயன் நடந்துகொண்டே சொன்னான். துக்கம் கேட்க வந்தவர்களுக்குச் சொல்கிற விஷயமா இது என்று ஜாஸ்பினுக்குத் தோன்றியது. ஆனால் அமராவதி தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். அதனால் அவன் இன்னும் சொன்னான்.

தாத்தா காலத்தில் ஒருமுறை ஆட்களோடு சுற்றும்போது வேலைக்காரன் பிரேக்கைப் பிடித்துவிட்டான். ஒரு பெட்டி குடைசாய்ந்து ஒரு பிள்ளைக்குக் கால் போயிற்று. அன்றிலிருந்து தாத்தா வைத்த சட்டம், ஆள் உட்கார்ந்திருக்கையில் யாரும் பிரேக்கைத் தொடக் கூடாது. பாரத்தை வைத்துத்தான் ராட்டினத்தை நிறுத்த வேண்டும். ஒருபக்கம் ஆள் அதிகமானால் எதிர்ப்பக்கம் மணல் மூட்டை. "நாங்கள்லாம் நடக்கப் பழகுறதுக்கு முந்தி இதப் பழகுனவங்க," என்றான். பிரேக்கின் இரும்புக் கைப்பிடியில் சிலந்தி வலை கட்டியிருந்ததை ஜாஸ்பின் பார்த்தாள். மணல் மூட்டைகள் மோட்டார் கொட்டகைக்குள் அடுக்கியிருந்தன. வெளியே விட்டால் சாக்கு மக்கிவிடும், தினம் சாயங்காலம் உள்ளே எடுத்துவிடுவோம் என்றான்.

பூங்காவுக்குள்ளேயே, ராட்டினத்துக்கு எதிரே வீடு. தாழ்வாரத்தில் சாய்வு நாற்காலியில் அவனுடைய தகப்பனார் ஆவுடையப்பன் இருந்தார். கார்த்திகேயனுக்குத் தம்பி, சிங்கப்பூரில் இருக்கும் கணேஷின் மனைவி ஹேமா காபி கொண்டுவந்து வைத்தாள். அமராவதி ஒவ்வொருவரிடமும் இதமாகப் பேச்சுக் கொடுத்தாள். கார்த்திகேயன் அன்று காலையிலேயே புதுக்கோட்டைக்குச் சாமான் வாங்கப் போய்விட்டானாம். கௌசல்யா தானே மோட்டாரைப் போட்டு ஏறியிருக்க வேண்டும், உச்சிக்குப் போன நேரத்தில் கரண்ட் போய் ராட்டினம் நின்றிருக்கும் என்று அவனே காரணம் சொன்னான். ஹேமா, தான் உள்ளே டிவி பார்த்துக்கொண்டிருந்ததாகவும், சத்தமாக வைத்திருந்ததால் வெளியே எதுவும் காதில் விழவில்லை என்றும் சொன்னாள். கிழவர் அன்றைய நாளைப் பற்றிக் கேட்டதும் முதலில் வெக்கையைத்தான் சொன்னார். மாதாந்திரப் பராமரிப்பு என்று ஒன்பது மணிக்கே கரண்டை நிறுத்திவிட்டார்கள். சாயங்காலம் வரைக்கும் வரவே இல்லை. மின்விசிறி இல்லாமல் உள்ளே படுக்க முடியாமல் நாள் முழுக்க இந்தத் தாழ்வாரத்திலேயே கிடந்தேன் என்றார்.

ஜாஸ்பினுக்கு நாக்கு துறுதுறுத்தது. கரண்ட் இல்லாத வீட்டில் டிவி எப்படி ஓடியது? அமராவதி அவள் பக்கம் திரும்பாமலே காபி டம்ளரை அவள் கையில் வைத்தாள்.

பிறகு கார்த்திகேயனிடம் ஓர் உதவி கேட்டாள். ஆச்சிக்கு மகள் எங்கிருந்து விழுந்தாள் என்பது கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. ஒருமுறை நேரில் பார்த்துவிட்டால் மனசு அடங்கும். இந்தப் பெண்ணை உட்காரவைத்து உச்சியில் கொஞ்ச நேரம் நிறுத்திக் காட்ட முடியுமா? மறுத்தால் நன்றாக இருக்காது என்று அவன் முகத்தில் ஓடியது தெரிந்தது. சரி என்றான்.

ஏறுவதற்கு முன் அமராவதி ஜாஸ்பினின் காதருகே, "மேல போனதும் போன்ல கீழ நடக்கிறத எடு. நான் சொல்றவரைக்கும் நிறுத்தாத," என்றாள்.

மோட்டார் உறுமியது. பெட்டி ஆடிக்கொண்டே ஏறியது. ஜாஸ்பின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பெட்டி உச்சிக்குப் போனது. மோட்டார் நின்றது. அவள் போனை விளிம்பில் சாய்த்துக் கீழே பார்த்தாள்.

கார்த்திகேயன் யாரையும் கேட்கவில்லை. கீழே வந்து நின்ற பெட்டியைத் தோளால் முட்டுக் கொடுத்தபடி, "ஹேமா, பிடி," என்றான். ஹேமா ஓடிவந்து முதுகைச் சாய்த்துப் பெட்டியைப் பிடித்துக்கொண்டாள். அவன் கொட்டகைக்குள் போய் ஒரு மூட்டையைத் தூக்கிவந்து பெட்டிக்குள் போட்டான். இரண்டாவதையும் போட்டான். ஹேமா விலகினாள். ராட்டினம் அசையாமல் நின்றது. இரண்டு பேரும் கையைத் தட்டிக்கொண்டார்கள். மாவு பிசைந்துவிட்டுக் கையைத் தட்டுவதுபோல இருந்தது.

அந்த உயரத்தில் கீழே பேசுவது ஒவ்வொரு சொல்லாகக் கேட்டது. தாழ்வாரத்தில் கிழவர் டம்ளரைக் கீழே வைத்த சத்தம்கூடக் கேட்டது. அப்படியென்றால் இங்கிருந்து கத்தினால் அங்கே என்ன கேட்டிருக்கும்? ஜாஸ்பின் தாழ்வாரத்தைப் பார்த்தாள். சாய்வு நாற்காலி நேராக அவளைப் பார்த்துப் போட்டிருந்தது. பின்னால், தூரத்தில், திருமயம் மலைக்கோட்டை. இன்னும் கிட்டத்தில் சாலை. ஒரு பஸ் போய்க்கொண்டிருந்தது.

"பிரேக் இருக்கே," என்று அமராவதி கேட்பது காதில் விழுந்தது. "அதப் போட்டா போதாதா? எதுக்கு இவ்வளவு சிரமம்?"

"ஆள் இருக்கையில பிரேக்கத் தொடமாட்டோம்னு சொன்னேன்லங்க."

"மூட்டை இல்லாம மோட்டார மட்டும் நிறுத்துனா?"

"ஆள் இருக்கிற பக்கந்தானங்க கனம். அது தன்னால கீழ வந்துரும்."

"அப்படின்னா கௌசல்யா தனியா ஏறி, கரண்ட் போனப்ப, அந்தப் பெட்டி ஏன் கீழ வரல?"

கார்த்திகேயனின் கண் மூட்டைகளின் மேல் போய் நின்றது. அவன் தலை குனிவதை ஜாஸ்பின் மேலிருந்து பார்த்தாள். பல வருஷமாகத் தினமும் செய்த காரியம் அவன் கண்ணுக்கு மறைந்தே போயிருந்தது. ஊர் முழுக்கப் பரவிய வீடியோவில் மூட்டைகள் தெரிவதை அவன் ஒருபோதும் பார்த்திருக்கமாட்டான். ராட்டினத்துக்கு ஆரக்கால் இருப்பதைப் போல அவனுக்கு மூட்டையும் இருந்தது.

அமராவதி தன் போனில் அந்த வீடியோவை நிறுத்திக் காட்டினாள். "அன்னைக்கும் கீழ்ப்பெட்டியில ரெண்டு மூட்டை. ராத்திரி மழை பேஞ்சும் நனையாத மூட்டை. காலையில வச்சது. இப்ப நீங்க வச்சதப் பாத்தேன். ஒருத்தர் பெட்டியப் பிடிக்கணும், ஒருத்தர் மூட்டை தூக்கணும். உச்சியில ஒரு ஆள நிறுத்தி வைக்கிறதுக்கு இந்த வீட்டுல ரெண்டு பேரு வேணும். தற்கொலை பண்ணிக்கப் போறவளுக்கு யாரு மூட்டை தூக்கிக் குடுத்தது?"

"அவ குதிச்சா," என்றாள் ஹேமா. "செருப்பக் கழட்டி வச்சுட்டுக் குதிச்சா."

"குதிக்கலம்மா. கையிலயும் காலுலயும் கிரீஸ் இருந்துச்சு. மேல இருக்கிற கம்பியெல்லாம் பெயிண்ட் அடிச்சுக் காஞ்சு கிடக்கு. கிரீஸ் இருக்கிறது நடு அச்சுல மட்டும். அச்சு வரைக்கும் கம்பியப் பிடிச்சு இறங்கியிருக்கா. அதுக்குத்தான் செருப்பக் கழட்டுனது. பாதி வழி வந்துட்டா. அதுக்கப்புறம் கை வழுக்கியிருக்கு."

முத்தாள் விளக்கை வைப்பதற்காகக் கொண்டுவந்த எண்ணெய்க் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

"நீ டிவி பாத்ததாச் சொன்னே. அன்னைக்குக் கரண்டே இல்லேன்னு ஒங்க மாமனார் சொல்றாரு. மின்விசிறி ஓடாத வீடு. ஒரு சத்தமும் இல்ல. அவ கூப்பிட்டது மூணு பேருக்கும் கேட்டிருக்கு."

அதற்குப் பிறகு அவர்கள் சொன்னது துண்டு துண்டாக வந்தது. கார்த்திகேயன் அன்று புதுக்கோட்டைக்குப் போகவே இல்லை. கல்யாணமான புதிதில் கௌசல்யாவை இதில் ஏற்றியபோது பயந்து அலறினாளாம். அன்றிலிருந்து அது வீட்டில் ஒரு வேடிக்கை. எதிர்த்துப் பேசினால், 'மேல ஏத்தி விடவா?' என்று கேட்பார்கள், எல்லோரும் சிரிப்பார்கள். செவ்வாய்க்கிழமை காலையில் அவள் மறுபடியும் புறப்பட்டு நின்றாள். ஒரு சுற்று பயப்படாமல் சுற்றிவிட்டு வா, நானே பஸ்ஸில் ஏற்றிவிடுகிறேன் என்று கார்த்திகேயன் சொன்னான். பஸ்ஸுக்காக அவள் ஏறி உட்கார்ந்தாள்.

"புத்தி வரட்டும்னு செத்த நேரம் வச்சோம்," என்றான் கார்த்திகேயன். குரல் இப்போது உடைந்திருந்தது. "அதுக்குள்ள கரண்ட் போயிருச்சுங்க. எறக்க முடியல. கரண்ட் வரட்டும்னுதான் இருந்தோம். சத்தியமா."

"செருப்ப எறக்க ஒங்களுக்குக் கரண்ட் தேவைப்படலியே," என்றாள் அமராவதி. "கையால சுத்தித்தான எறக்குனீங்க."

தாழ்வாரத்திலிருந்து ஆவுடையப்பனின் குரல் மட்டும் வந்தது. அதில் கோபம் இல்லை, பயமும் இல்லை. நடக்காத ஒன்றைப் பெரிதாக்குகிறார்களே என்கிற சலிப்புத்தான் இருந்தது. "எங்க ஆத்தாளையே எங்க அப்பச்சி இதுல ஏத்தி வச்சாரு. பொழுது சாயயில எறங்கி வந்து சோறாக்குனா. அவளுக்கு என்ன ஆச்சு?"

மேலே ஜாஸ்பினுக்கு வெயில் தலையில் இறங்கிக்கொண்டிருந்தது. தொண்டை காய்ந்தது. கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். பேச்சு முழுவதும் போனில் பதிந்துகொண்டிருக்கிறது என்று அவளுக்கு ஒரு சந்தோஷம் வந்தது. மூட்டை, டிவி, கிரீஸ், எல்லாம் ஒன்றோடு ஒன்று சேர்ந்து பூட்டிக்கொண்டதில் வந்த சந்தோஷம். அந்தப் பூட்டுக்குள்ளே ஒரு பெண் இருக்கிறாள் என்பது பிறகுதான் உறைத்தது. இருக்கையை விட்டுச் சரிந்து உட்கார்ந்தாள். ஆதரவுக்குக் கீழே கை ஊன்றினாள். பெட்டியின் தரை நடுவில் குழிந்து, தண்ணீர் தேங்கித் தேங்கித் துரு ஏறியிருந்தது. விரலில் சிவப்பாக ஒட்டிக்கொண்டது.

அந்தச் சிவப்பைப் பார்த்தபடி இருந்தாள்.

மற்றப் பெட்டிகளிலெல்லாம் மாலை வரைக்கும் மழைத் தண்ணீர் கிடந்தது. பக்கத்துப் பெட்டியில் வேப்பம்பூ மிதந்தது. கௌசல்யா இருந்த பெட்டியில் மட்டும் தரை காய்ந்து, மேலே செருப்பு இருந்தது. முந்தானை நுனியில் துரு. உதட்டில் துரு. முந்தானையைத் தோய்த்து, வாய்க்குள் பிழிந்து, மறுபடியும் தோய்த்து, தரை காயும் வரைக்கும். தண்ணீர் தீர்ந்த பிறகுதான் இறங்கத் துணிந்திருக்கிறாள்.

அக்கா, ஒண்ணு சொல்லவா? சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. இதை அமராவதிகூடக் கண்டுபிடிக்கவில்லை. இது ஜாஸ்பினுடையது.

"மூட்டைய எறக்குங்க," என்றாள் கீழே அமராவதி. கார்த்திகேயன் அசையவில்லை. ஹேமா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

முத்தாள்தான் நகர்ந்தாள். எண்ணெய்க் கிண்ணத்தைத் தரையில் வைத்தாள். கீழ்ப்பெட்டியின் கம்பியைத் தூக்கிவிட்டு, முதல் மூட்டையின் காதைப் பிடித்து இழுத்தாள். அது மேடையில் விழுந்து உடைந்து மணல் சிதறியது. இரண்டாவதையும் இழுத்தாள். ராட்டினம் ஒரு பெருமூச்சுப் போலக் கிறீச்சிட்டு, ஜாஸ்பினோடு மெல்லச் சுற்றிக் கீழே வந்தது. அமராவதி பெட்டியைப் பிடித்து நிறுத்தினாள்.

"இவ்வளவுதானா?" என்றாள் முத்தாள். மருமகனிடம் கேட்டாளா, ராட்டினத்திடம் கேட்டாளா என்று தெரியவில்லை. "இவ்வளவுதானா வேல?"

*

வாசலுக்கு வரும்போது அமராவதி, பதிவு செய்ததை அன்றே வக்கீலிடம் கொடுப்பதாகவும், கேஸை மறுபடியும் எடுக்கவைக்க முடியும் என்றும் சொன்னாள். முத்தாள் கேட்டுக்கொண்டாள். வேகமாக நடந்தாள். கார் வரைக்கும் வந்ததும் நின்றாள்.

"குதிக்கல. அப்படித்தானேங்க?"

"குதிக்கலைங்க ஆச்சி. ஒங்க பொண்ணு வாழத்தான் இறங்குச்சு."

முத்தாளின் முகத்தில் ஏதோ ஒன்று இறங்கும் என்று ஜாஸ்பின் எதிர்பார்த்தாள். மூன்று வாரமாகச் சுமந்ததைக் கீழே வைக்கும் முகம் எப்படி இருக்கும் என்று பார்க்கக் காத்திருந்தாள். அப்படி எதுவும் நடக்கவில்லை.

"குதிச்சிருந்தா ஒரு நொடி," என்றாள் முத்தாள். "இது எவ்வளவு நேரம்?"

அமராவதி யாரிடமும் பொய் சொல்லி ஜாஸ்பின் பார்த்ததில்லை. இப்போதும் சொல்லவில்லை. "காலையில ஏத்தியிருக்காங்க. பொழுது சாயற நேரத்துல ராக்கன் பாத்தது."

முத்தாள் அதைத் தனக்குள் அளந்து பார்ப்பதுபோல நின்றாள். மகளை விட்டுவிட்டு வந்து தன் வீட்டில், அந்தப் பகல் முழுக்க, தான் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று தேடுகிறாள் என்று ஜாஸ்பினுக்குப் புரிந்தது. சமைத்திருப்பாள். சாப்பிட்டிருப்பாள். மத்தியானம் கொஞ்சம் கண் அசந்திருப்பாள்.

பிறகு முத்தாள் ஜாஸ்பினைப் பார்த்தாள். மேலே உட்கார்ந்துவிட்டு வந்தவள் இவள்தான். "ஏம்மா, தாகம் எடுத்திருக்குமா எம் புள்ளைக்கு?"

கடித்துப் பார்க்க வேண்டிய மிட்டாய் ஜாஸ்பினின் வாயில் கல்லாகக் கிடந்தது. இந்த அம்மாள் தெரிந்து வாழட்டும் என்று சொன்ன குரலைத் தனக்குள் தேடினாள். அது எங்கேயும் இல்லை.

"இல்லைங்க ஆச்சி," என்றாள். "முந்தின ராத்திரி மழை பேஞ்சிருந்துச்சுல்ல. குளுமையாத்தான் இருந்திருக்கும்."

அமராவதி அவளைத் திரும்பிப் பார்த்தாள்.

முத்தாள் தலையை ஆட்டினாள். கார்க் கதவைத் திறந்துவிடுவதற்காக ஜாஸ்பின் கையை நீட்டினாள். முத்தாள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். விரல் நுனிகளில் துரு அப்பியிருந்தது. முந்தானையை எடுத்து, ஒவ்வொரு விரலாக, அழுத்தாமல் துடைத்துவிட்டாள். இப்படித்தான் உதட்டையும் துடைத்திருப்பாள்.

துடைத்து முடித்துவிட்டு முந்தானை நுனியைத் திருப்பிப் பார்த்தாள். அந்தச் சிவப்பை வெகுநேரம் பார்த்தாள். பிறகு அதை இடுப்பில் செருகிக்கொண்டு காரில் ஏறினாள். கோனாபட்டு போய்ச் சேரும் வரைக்கும் அவள் வேறு எதுவும் கேட்கவில்லை.